அப்பாட போன்ல வாறதுல எத நம்புற, எத நம்பாம விடுற?

கல்லாத்துப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம், நான் மட்டக்களப்பு, பெரியகல்லாறு. கொஞ்சம் நீளமா எழுதப்போறன், கோவிக்காதீங்க.

மாரி மழை விடாமப் பெஞ்ச ஒரு கிழமை, இரவு பதினொண்டரை இருக்கும், எங்கட சொந்தக்காரர் குரூப்புல ஒரு வொய்ஸ் வந்திச்சு. ஒரு பொம்பிள அழுது அழுது கதைக்கிறா. குளம் உடைச்சிட்டு, தண்ணி வந்துகொண்டிருக்கு, ரெண்டு மணித்தியாலத்துல எல்லாம் தாண்டு போயிரும், பிள்ளைகளத் தூக்கிக்கொண்டு ஓடுங்க எண்டு. அனுப்பினது ஆரெண்டா சுவிஸ்ல இருக்கிற சித்தப்பா! எங்கட குளம் உடைஞ்சது எங்களுக்கு முந்தி அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்பா தபால் கந்தோர்ல இருந்து பென்சன் எடுத்த மனுசன். 78 சூறாவளில கூரை பறந்த இரவ இப்பவும் நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவாரு. வொய்ஸக் கேட்டதுதான், எல்லாரையும் எழுப்பி, பக்கத்து வீட்டு ஓட்டோவக் கூப்பிட்டு, கொட்டுற மழையில கோயில் மடத்துக்குக் கொண்டுபோயிட்டாரு. அங்க படியில அம்மம்மா வழுக்கி விழுந்து கை எலும்பு வெடிச்சிட்டு. விடியப் பாத்தா ஒரு குளமும் உடையல்ல, ஒழுங்கையில கணுக்கால் அளவு தண்ணி, அது ஒவ்வொரு மாரிக்கும் நிக்கிற தண்ணி. அம்மம்மாட மாவுக்கட்டு கழட்ட ஆறு கிழமை போயிட்டு.

இதுக்குப் பொறகும் அப்பா சொல்லுறது என்னெண்டா, பொய்யெண்டா ஏன் இவ்வளவு பேர் அனுப்புறாங்க, ஓடினதால என்ன குறைஞ்சு போச்சு எண்டு. அவரு சொல்லுறதுலயும் ஒரு நியாயம் இருக்கிறமாதிரித்தான் எனக்கும் படுது, அதான் வாதாட ஏலாமக் கிடக்கு. நீங்கெல்லாம் ஒரு செய்தி வந்தா முதல்ல எதப் பாக்குறீங்க? படிச்சவங்க மாதிரி பெரிய விளக்கம் வேணாம், ஒரு அறுபது வயசு மனுசனுக்கு இரவு பதினொண்டரைக்கு செய்யக்கூடியதாச் சொல்லுங்க.

வெல்லாவெளி வட்டை:

தம்பி, எந்தக் குளம்?

கல்லாத்துப் பொடியன்:

அண்ணன் அதச் சொல்லல்ல. குளம் எண்டுதான்.

வெல்லாவெளி வட்டை:

அப்ப அதுலயே முடிஞ்சிது. நம்மட மாவட்டத்துல எத்தின குளம் கிடக்கு. உண்மையாக் குளக்கட்டு உடைஞ்சத கண்ணால கண்ட பொம்பிள குளத்துட பேரச் சொல்லாம அழுவாளா? ஊர்ல ஒரு மாடு வாய்க்கால்ல விழுந்தாலே எந்த வயல் வட்டை, ஆர்ர மாடு எண்டுதானே சனம் கத்தும்.

நான் வெள்ளாமை செய்யுறவன், குளத்து விசயம் கொஞ்சம் தெரியும். சனம் ரெண்டு விசயத்தப் போட்டுக் குழப்புது. வான்கதவு திறக்கிறது வேற, கட்டு உடையுறது வேற. குளம் நிரம்பி வந்தா நீர்ப்பாசனத் திணைக்களத்தார் வான்கதவத் திறப்பாங்க, கட்டக் காப்பாத்தத்தான் அதத் திறக்கிறதே. திறந்தா எந்தக் குளம், எத்தின கதவு, எத்தின அங்குலம், ஆர்ர பக்கம் கவனமா இருக்கோணும் எண்டு சொல்லுவாங்க. நவகிரியத் திறந்தா எங்கட வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் வட்டையும் றோட்டும் தாழும், உன்னிச்சையத் திறந்தா வவுணதீவுப் பக்கம். ரெண்டும் கடைசியில வாவிக்குத்தான் வரோணும். வாவி நிரம்பினா முகத்துவாரத்த வெட்டி கடலுக்கு விடுவாங்க, உங்கட கல்லாத்துப் பக்கமும் ஒரு வாய் இருக்குத்தானே. நீங்க இருக்கிறது எழுவான்கரையில, வாவிக்கும் கடலுக்கும் நடுவுல. வாவிக்கு மேற்கால கிடக்கிற படுவான்கரைக் குளத்துத் தண்ணி உங்கட படலைக்கு வாறதெண்டா முதல்ல நாங்க எல்லாரும் தாண்டு, பொறகு வாவி முழுக்க எழும்பி, அதுக்குப் பொறகுதான். ரெண்டு மணித்தியாலமாம்! உங்களுக்குக் கோல் எடுக்க ஆளில்லாட்டி 117க்கு அடிங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம், இரவிலயும் எடுப்பாங்க. இல்லாட்டி படுவான்கரையில தெரிஞ்ச ஒருத்தனுக்கு அடிச்சு உன்ட முத்தத்துல தண்ணியா எண்டு கேளுங்க, அது போதும்.

மருதமுனை அலை:

மேல சொன்னது சரி, ஆனா நான் மறுபக்கமும் சொல்லோணும். அப்பாவ ஒரேயடியாப் பேசாதீங்க தம்பி.

2004 டிசம்பர் 26 காலம கடல் வருது எண்டு ஒரு சின்னப் பொடியன் றோட்டால கத்திக்கொண்டு ஓடினான். ஆரும் நம்பல்ல, எங்கட உம்மாட தங்கச்சி அடுப்ப அணைச்சிட்டு வாறன் எண்டு உள்ள போனவ. நானும் சிரிச்சிக்கிட்டுத்தான் நிண்டன். எப்பிடித் தப்பினன் எண்டு இங்க எழுத விருப்பமில்ல. அண்டைக்கு அந்தப் பொடியன்ட கதைய உறுதிப்படுத்திப் பாத்துட்டு ஓடியிருந்தா நான் இப்ப இத எழுதிக்கிட்டு இரிக்க மாட்டன். கண்ணுக்கு முன்னால நிண்டு ஓடிக்கிட்டே கத்துறவன் வேற, போனுக்குள்ள இருந்து அழுறவ வேற. பொடியன் தானும் ஓடினான் பாருங்க.

மறுகா 2012 ஏப்ரல் 11, பகல் ரெண்டு மணி தாண்டி சுமாத்திராப் பக்கம் 8.6 நிலநடுக்கம். எச்சரிக்கை வந்திச்சு, கரையோரம் முழுக்க ஓடின. பின்னேரம் எச்சரிக்கைய எடுத்துட்டாங்க, பெரிய அலை வரல்ல. ஏன் வரல்லயெண்டா 2004ல கடலடி மேல எழும்பித் தண்ணியத் தூக்கினது, 2012ல பூமித் தட்டுகள் பக்கவாட்டுல வழுக்கினது, தண்ணி பெரிசா எழும்பல்ல. அதுக்காக அண்டைக்கு ஓடினது பிழையா? இல்ல. எச்சரிக்க வேண்டியவங்க எச்சரிச்சாங்க, எடுக்க வேண்டிய நேரம் எடுத்தாங்க. வட்ஸ்அப் வதந்திய ஆரு எடுக்கிற? அந்த அழுற பொம்பிள மறுநாள் வந்து மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு ஒரு வொய்ஸ் போட்டாவா?

இன்னொண்டு. சுனாமி வரமுந்தி கடல் உள்வாங்கும், அதப் பாத்து ஓடுங்க எண்டு எல்லா வீடியோவுலயும் சொல்லுறாங்க. தாய்லாந்துப் பக்கம் அது நடந்ததுதான். நம்மட பக்கம் முதல் வந்தது உயர்ந்த தண்ணி, கடல் வத்தினது அதுக்குப் பொறகு. 2004ல பூமி உடைஞ்ச கோட்டுக்கு மேற்கால கடலடி எழும்பினது, கிழக்கால தாழ்ந்தது, அதால ரெண்டு கரைக்கும் ரெண்டு விதம். அப்ப நெட்ல இருக்கிறது பொய்யில்ல, ஆனா நம்மட ஊருக்கு அத நம்பிக் கடல் வத்தட்டும் எண்டு காத்திருந்தா அவ்வளவுதான். எந்த ஊருக்கு எழுதினது எண்டும் பாக்கோணும்.

சந்தேகப் பிராணி:

எல்லாம் சரி, 117 எண்டு சொல்லுறீங்க, திணைக்களத்தார் சொல்லுவாங்க எண்டு சொல்லுறீங்க. சில அரசாங்கப் பக்கங்கள்ல சிங்களத்துல காலம வந்தது தமிழ்ல பின்னேரம் வருது, அந்தத் தமிழையும் ரெண்டுதரம் வாசிச்சாத்தான் விளங்குது. சனம் வட்ஸ்அப்ப நம்புறது முட்டாள்தனத்தால இல்ல, அதுதான் தமிழ்ல கெதியா வருது. இதயும் கணக்குல எடுங்கப்பா.

வாத்தியார் பட்டிப்பளை:

சந்தேகப் பிராணி சொன்னதுல நூத்துக்கு நூறு உண்மை இருக்கு. வெறுமையா இருக்கிற இடத்துலதான் வதந்தி குடியிருக்க வரும்.

நான் பள்ளிக்கூடத்துல ஓஎல் பிள்ளைகளுக்கு இதப் படிப்பிச்சுப் பாத்தன். முதல் வருசம் பிழையாப் படிப்பிச்சன் எண்டுதான் சொல்லோணும். பக்கம் வடிவா இருக்கா, எழுத்துப்பிழை இருக்கா, எழுதினவர்ர பேர் இருக்கா எண்டு ஒரு பட்டியல் குடுத்தன். பிள்ளைகள் பட்டியலுக்குச் சரி போட்டுப்போட்டு ஒரு பச்சைப் பொய்ய உண்மையெண்டு கொண்டுவந்தாங்க, ஏனெண்டா பொய்க்காரனும் வடிவாப் பக்கம் செய்வான், எழுத்துப்பிழை இல்லாம எழுதுவான், எங்கட திணைக்களப் பக்கங்கள விட வடிவாவே செய்வான்.

மறுகாத்தான் ஒரு ஆராய்ச்சியப் பத்தி வாசிச்சன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல சாம் வைன்பர்க், சாரா மக்ரூ எண்ட ரெண்டு பேர் 2017ல வெளியிட்டது. 45 பேர இருத்திச் சில இணையப் பக்கங்களக் குடுத்திருக்காங்க, 10 பேர் வரலாற்று அறிஞர்கள், 25 பேர் அந்தப் பல்கலைக்கழக மாணவர், மிச்சம் 10 பேர் செய்திகளச் சரிபாக்கிறதையே தொழிலாச் செய்யுறவங்க. அதுல குழந்தை வைத்தியர் சங்கங்கள் ரெண்டுட பக்கம், பேரும் கிட்டத்தட்ட ஒண்டு. ஒண்டு 1930ல தொடங்கின பெரிய சங்கம், மற்றது 2002ல பிரிஞ்சு போன சின்னக் கூட்டம். மாணவரும் பெரிய பெரிய அறிஞர் சிலரும் பக்கத்த மேலயிருந்து கீழ வரைக்கும் கவனமா வாசிச்சு வாசிச்சே ஏமாந்தாங்க. தொழில்காரர் என்ன செஞ்சாங்க தெரியுமா, பக்கத்த வாசிக்கவே இல்ல. திறந்த உடன விட்டுப்போட்டு வேற நாலு பக்கத்தத் திறந்து இந்தச் சங்கத்தப் பத்தி மத்தவங்க என்ன சொல்லுறாங்க எண்டு பாத்தாங்க. யோசிச்சுப் பாத்தா நாங்க மாப்பிள பாக்குறதும் இப்பிடித்தானே, மாப்பிளட்டயே நீ நல்லவனா எண்டு கேக்குறல்ல, அவன்ட ஊருக்குப் போய்க் கடையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு விசாரிக்கிற.

படத்துக்கும் அதேதான். வெள்ளக் காலத்துல றோட்டுல முதலை கிடக்கிற படம் ஒண்டு, இது கல்லடி எண்டு போட்டு வந்திச்சு. எங்கட வாவியில முதலை இருக்கிறது உண்மை, அதால எல்லாரும் நம்பிட்டாங்க. ஒரு பிள்ளை, ஒம்பதாம் ஆண்டு, சேர் கார் எல்லாம் வலப்பக்கத்தால போகுது, எங்கட நாட்டுல இடப்பக்கத்தாலதானே எண்டா. எனக்குப் படல்ல பாருங்க! மறுகா அந்தப் படத்தக் கூகிள் லென்ஸ்ல போட்டம், அதே படம் பல வருசத்துக்கு முந்தி வேற ஒரு நாட்டுச் செய்தியில கிடந்திச்சு. படம் பொய்யில்ல, கீழ எழுதினதுதான் பொய். இதுதான் கூடுதலா நடக்குது, புதுசாப் பொய் செய்யுறது மினக்கேடு, பழைய உண்மைக்குப் புதுப் பேர் வைக்கிறது லேசு.

வட்ஸ்அப்புல வந்தா மேல அம்புக்குறியப் பாருங்க. ஒண்டெண்டா ஆரோ அனுப்பினத இவர் அனுப்பியிருக்காரு. ரெட்டை அம்பெண்டா அஞ்சு கைக்குக் குறையாம மாறி வந்தது. அப்பிடி வந்தத 2020ல இருந்து ஒரு நேரத்துல ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்பலாம் எண்டு கட்டுப்படுத்தி வச்சிருக்காங்க. அப்பா தபால் கந்தோர்ல இருந்தவரெண்டா அவருக்கு இது நல்லா விளங்கும், அனுப்பினவர்ர முகவரி இல்லாத, முத்திரை அழிஞ்ச கடிதத்த அவரு எப்பிடிப் பாத்திருப்பாரு?

கல்லாத்துப் பொடியன்:

சேர் அந்தக் கடைசிக் கேள்விய அப்பாட்ட அப்பிடியே கேக்கப்போறன்.

அக்கரையான்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் வழமையா எழுதுறல்ல, வாசிச்சிட்டுப் போறவன். வெள்ளத்துக்கும் முதலைக்கும் ஓடுறது பரவாயில்ல, அடுத்த மனுசனுக்கு அடிக்க ஓடினா என்ன செய்ற எண்டுதான் எனக்கு யோசனை.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை டவுன்ல நடந்தத மறந்திருக்க மாட்டீங்க. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கறிக்குள்ள ஏதோ வெள்ளையாக் கட்டி கிடந்திச்சு எண்டு தொடங்கினது. மலட்டு மாத்திரையாம். கடைக்காரனச் சுத்தி நிண்டு கேக்குறத வீடியோ எடுத்து பேஸ்புக்ல போட்டாங்க, அவர் பயத்துல தலையாட்டினது ஒப்புக்கொண்டதா ஆகிட்டு. கடையும் போச்சு, பள்ளிவாசலையும் விடல்ல. மறுகா அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதிச்சுப் பாத்துச் சொன்னது அது மாக்கட்டி எண்டு. மாவு! சாப்பாட்டுல ஒருக்காப் போட்டு மனுசன நிரந்தரமா மலடாக்கிற மாத்திரை எண்டு ஒண்டு மருத்துவத்துலயே இல்ல, அத ஒரு டொக்டர்ட்டக் கேட்டிருந்தா அண்டிரவே சொல்லியிருப்பாரு. மார்ச்ல கண்டிப் பக்கம் திகன கலவரத்துல பத்தி எரிஞ்ச நேரம் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் ஒரு கிழமை அளவுல நிப்பாட்டி வச்சது. 2020ல பேஸ்புக்காரங்க தங்கட தளம் அந்த நேரம் பிழையாப் பாவிக்கப்பட்டதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க. ரெண்டு வருசம் கழிச்சு.

நான் பாக்குறது ஒண்டுதான். ஒரு செய்திய வாசிச்ச உடன எனக்குக் கோவம் வந்தா, அதுவும் எனக்கு முந்தியே பிடிக்காத ஆக்களப் பத்தின செய்தியா இருந்தா, போனக் கவுத்து வச்சிட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். எங்கட ஆக்களும் இதுல சுத்தமில்ல, தமிழாக்களப் பத்தி எங்கட குரூப்புகள்ல வாற சில விசயத்த வாசிச்சா வெக்கமா இரிக்கி. உங்கட குரூப்புலயும் எங்களப் பத்தி வரும், எனக்குத் தெரியும். நம்புறதுக்கு ஆசையாக் கிடக்கிற பொய்யத்தான் பிடிக்கிறது கஷ்டம்.

மருதமுனை அலை:

உண்மை காக்கா.

கிளினிக் அக்கா:

நான் நேர்ஸ், கல்முனைப் பக்கம் வேலை. எனக்கு இந்தக் குளம் சுனாமியெல்லாம் விட யூடியூப் வைத்தியம்தான் நெஞ்சிடி. குளம் உடைஞ்ச பொய் விடிஞ்சாத் தெரிஞ்சிரும் தம்பி, வைத்தியப் பொய் தெரிய மாசக்கணக்காகும், அதுக்குள்ள ஆள் முடிஞ்சிரும்.

கிளினிக்குக்கு வாற ஒரு ஐயா, சீனி வருத்தம் பதினஞ்சு வருசம், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. அவர்ர மகள் வெளிநாட்டுல இருந்து ஒரு வீடியோ அனுப்பியிருக்கா, காமரங்கா ஜூஸ் குடிச்சா சீனி இறங்கும் எண்டு, நட்சத்திரப் பழம் எண்டும் சொல்லுவாங்களே அது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் வடிவான தமிழ்ல சொல்லுறாரு. ஐயா வெறும் வயித்துல டம்ளர் கணக்காக் குடிச்சிருக்காரு. நாலாம் நாள் விக்கல் நிக்கல்ல, ஆள் தடுமாறுறாரு. காமரங்காயில சிறுநீரகத்தக் கெடுக்கிற ஒக்சலேட் கூடுதலா இருக்கு, அதோட காரம்பொக்சின் எண்ட ஒரு நஞ்சும் இருக்கு, நல்ல சிறுநீரகம் அத வெளியேத்திரும், பழுதான சிறுநீரகத்தால ஏலா, மூளைக்கு ஏறிரும். வெறும் வயித்துல கனக்கக் குடிச்சா சுகமான ஆளுட சிறுநீரகமே பழுதாகலாம். ஐயா தப்பிட்டாரு, ரெண்டு மூண்டு தரம் டயலிசிஸ் போட்டு.

வெள்ளைக் கோட்டு அம்பது கடையில வாங்கலாம். இலங்கை டொக்டர் எண்டு சொல்லிக்கொண்டா இலங்கை மருத்துவ சபையில பதிவு இருக்கா எண்டு தேடிப் பாக்கலாம். ஆனா அதவிட நான் வாறாக்களுக்குச் சொல்லுறது வேற. அந்த ஆள் இது ஆருக்குக் கூடாது எண்டு ஒரு வசனமாவது சொல்லுறாரா எண்டு கேளுங்க. உண்மையான மருந்துக்காரன் முதல்ல உனக்கு வேற வருத்தம் இருக்கா, வேற என்ன குளிசை போடுறாய் எண்டுதான் கேப்பான். எல்லாருக்கும் நல்லது, ஒரு பக்க விளைவும் இல்ல எண்டு சொல்லுறவன் வைத்தியம் பாக்கல்ல, வியாபாரம் பாக்குறான். வீடியோவுக்குக் கீழ ஒரு போன் நம்பரும் ஒரு போத்தலும் இருக்கும், பாருங்க.

பப்பாசி இலைச்சாறு டெங்க மாத்தும் எண்ட கதையும் இப்பிடித்தான், டெங்குக் காலத்துல. இலைச்சாறு குடிக்கிறன் எண்டு ஆஸ்பத்திரிக்கு வராம வீட்டுல கிடந்து, காய்ச்சல் விட்ட உடன சுகம் எண்டு நினைக்கிறாங்க. டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் கவனமாப் பாக்க வேண்டிய நேரம். ஐயோ, எழுத வெளிக்கிட்டா விடியும்.

சந்தேகப் பிராணி:

இப்ப எல்லாரும் ஏஐட்டக் கேக்குறாங்களே, அது எப்பிடி? நான் மண்டூர் முருகன் கோயில் தீர்த்தம் இந்த வருசம் எப்ப எண்டு கேட்டன், திகதி கிழமை எல்லாம் போட்டு அழகாச் சொல்லிச்சு. அம்மாட்டச் சொன்னன், அவ கலண்டரப் பாத்துட்டு அண்டைக்கு பௌர்ணமிப் பறுவமே இல்லையேடா எண்டா. திரும்பக் கேட்டன், மன்னிக்கவும் எண்டு வேற ஒரு திகதி, அதுவும் பிழை. பொய் சொல்லக்குள்ளயும் குரல் நடுங்கல்ல பாருங்க, மனுசனெண்டா கொஞ்சமாவது தடுமாறுவான்.

வாத்தியார் பட்டிப்பளை:

ஹா ஹா. கோயில் திகதிக்குக் கோயில் நோட்டீஸ். அதையும் போன வருச நோட்டீஸா எண்டு பாத்துக்கொள்ளுங்க, அதுவும் சுத்துது. லீவு விட்டதெண்டு கடிதத்தலைப்போட ஒரு கடிதம் எங்கட பள்ளிக்கூட குரூப்புலயே வந்திச்சு, திகதிய மட்டும் மாத்தியிருக்கான், கிழமைய மாத்த மறந்துட்டான். திங்கள் எண்டு கிடக்கு, அந்தத் திகதி புதன்.

கல்லாத்துப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளாப் பதில் போடல்ல, வீட்டுல ஒரு சின்னச் சண்டை.

வாத்தியார் சேர் சொன்ன முத்திரை இல்லாத கடிதக் கதைய அப்பாட்டக் கேட்டன். அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்பிடி வாறத நாங்க ஒரு பெட்டியில போட்டு வைக்கிற, ஆரும் தேடி வந்தாப் பாக்கலாம் எண்டு, எறியவும் இல்ல குடுக்கவும் இல்ல எண்டாரு. நான் அதுக்கு மேல ஒண்டும் கதைக்கல்ல. அவரு வட்ஸ்அப்புல தனக்குத் தானே அனுப்புற இடம் ஒண்டு இருக்கே, அதுல இப்ப எல்லாத்தையும் போட்டு வைக்கிறாரு, நேற்றுப் பாத்தா இருபத்திமூண்டு கிடக்கு. குரூப்புக்கு ஒண்டும் போகல்ல.

சண்டை எதுக்கெண்டா, சுவிஸ் சித்தப்பா திரும்ப ஒரு வொய்ஸ் அனுப்பியிருக்காரு, ஏதோ பாலம் உடைச்சிட்டாம். அப்பா குரூப்புலயே எந்தப் பாலம், எத்தின மணிக்கு, நீ ஆரிட்டக் கேட்ட எண்டு எழுதிட்டாரு. சித்தப்பாவுக்குக் கோவம், குரூப்ப விட்டுப் போயிட்டாரு. அம்மா இப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல கோல் எடுத்துக்கொண்டு திரியுறா. அம்மம்மாதான் சிரிக்கிறா, கட்டுக் கழட்டின கைய ஆட்டி ஆட்டி.

கிளினிக் அக்கா:

அம்மம்மாவ அந்தக் கையால இப்பவே வாளி தூக்க விடாதீங்க. விரலப் பொத்தி விரிக்கச் சொல்லுங்க, நாளைக்கு நாலஞ்சு தரம்.

கல்லாத்துப் பொடியன்:

சரி அக்கா. வெல்லாவெளி அண்ணன் நிக்கிறீங்களா, நாளைக்கு வெள்ளன மண்டூருக்குப் போகோணும், பட்டிருப்புப் பாலத்தால போனா அங்கால றோட்டு எப்பிடி? ஒரு குரூப்புல தண்ணி எண்டு கிடக்கு.

வெல்லாவெளி வட்டை:

இப்ப பின்னேரம் அஞ்சேகால். நான் அதால வந்து இறங்கி அரை மணித்தியாலம் ஆகல்ல. ஒரு இடத்துல மோட்டச்சைக்கிள் சில்லுல பாதி நனையும், பஸ் ஓடுது. இரவைக்கு மழை பெஞ்சா நான் சொன்னது செல்லாது, காலம ஒருக்காக் கேட்டுட்டு வாங்க.